தன் பெயரில் ஓடிய, தான் விரும்பாத கார்: டபிள்யூ. ஓ. பென்ட்லியின் கதை

பழைய கார்களில் ஆர்வம் உள்ளவர்களிடம் பென்ட்லி என்ற பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு படம்தான் நினைவுக்கு வரும். கரும்பச்சை நிறம், நீண்ட பொனட், ரேடியேட்டருக்கு முன்னால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய உலோக உருளை. ‘புளோவர் பென்ட்லி’ என்று உலகம் அழைக்கும் கார் அது. அந்த வகையைச் சேர்ந்த பந்தயக் கார் ஒன்று 2012ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 50 இலட்சம் பவுணுக்கும் மேலாக ஏலம் போனது. ஆனால், அந்தக் காரில் எவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த மனிதர் அதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

வாகனங்களைப் பற்றி எழுதுபவன் என்பதால் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்பார்கள். ஒரே மொடல் கார். ஒன்றில் சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின், மற்றதில் சாதாரண எஞ்சின். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த புளொக். அப்படியென்றால் ஒன்றின் பாகங்களைக் கழற்றி மற்றதற்குப் போட்டால் என்ன? பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்த எவருக்கும் இந்த யோசனை ஒருமுறையாவது வந்திருக்கும். இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால், இதே கேள்வியால் ஒரு கம்பனியே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்ற கதை தெரியும். அதுதான் வோல்டர் ஓவன் பென்ட்லியின் வாழ்க்கை.

புகையிரதத்திலிருந்து காருக்கு

அவர் 1888 செப்டெம்பர் 16ஆம் திகதி லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. பிற்காலத்தில் எல்லோரும் அவரை ‘டபிள்யூ. ஓ.’ என்றே அழைத்தார்கள். சிறுவயதில் அவருக்குக் கார் பிடிக்காது. புகையிரத எஞ்சின்தான் பிடிக்கும். 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு, டொன்காஸ்டரில் இருந்த கிரேட் நோர்தன் புகையிரதக் கம்பனியின் பட்டறையில் பயிலுநராகச் சேர்ந்தார். ஐந்து வருடங்கள் வார்ப்பு, கடைசல், பொருத்து வேலை என்று எல்லாம் பழகினார். புகையிரத எஞ்சினில் நின்று நிலக்கரி அள்ளிப் போடும் வேலையையும் செய்தார்.

அங்கே அவர் கற்ற பாடம் அவரது வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது என்பது என் எண்ணம். புகையிரத எஞ்சின் நடுவழியில் நிற்கக்கூடாது. ஒரு பாகம் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டுமோ அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி அதைச் செய்ய வேண்டும். வேகம் அதற்குப் பிறகுதான்.

புகையிரதத் துறையில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று 1910இல் முடிவெடுத்தார். இதற்கிடையே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகி, 1909, 1910ஆம் ஆண்டுகளில் ஐல் ஒவ் மேன் தீவின் பந்தயங்களிலும் கலந்துகொண்டார். வெற்றி கிடைக்கவில்லை. லண்டனில் டக்சிக் கம்பனியொன்றில் கார்களைப் பராமரிக்கும் பொறுப்பில் சில காலம் இருந்தார். 1912இல் அண்ணன் எச். எம். பென்ட்லியோடு சேர்ந்து, டி. எஃப். பி. என்ற பிரெஞ்சுக் கார்களை இங்கிலாந்தில் விற்கும் வியாபாரத்தில் இறங்கினார்.

மேசையில் கிடந்த அலுமினியம்

டி. எஃப். பி. நல்ல கார்தான், ஆனால் வேகம் போதாது. 1913இல் பிரான்சிலுள்ள அந்தத் தொழிற்சாலைக்குப் போனபோது, ஒரு மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருப்பதற்காக வைத்திருந்த சிறிய அலுமினியப் பொருள் அவர் கண்ணில் பட்டது. பிஸ்டனை ஏன் இந்த உலோகத்தில் செய்யக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் காலத்தில் பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது உருக்கு. அலுமினியம் உருகிவிடும் என்பதே பொதுவான அச்சம். 88 வீதம் அலுமினியமும் 12 வீதம் செப்பும் கலந்த உலோகத்தில் பிஸ்டன்களைச் செய்வித்து டி. எஃப். பி. எஞ்சினில் போட்டார். எஞ்சின் தாங்கியது. அந்தக் காரோடு புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் சாதனைகளும் படைத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. பென்ட்லியின் பெயர் முதன்முதலில் வெளியே தெரிந்ததே, இன்னொருவர் வடிவமைத்த எஞ்சினில் ஒரு பாகத்தை மாற்றிப் போட்டதால்தான். எனவே பாகம் மாற்றுவதை எதிர்த்த பழமைவாதி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவர் மாற்றிய பாகம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அலுமினியப் பிஸ்டன் பாரம் குறைந்தது. ஆகவே கொன்ரொட்டுக்கும் கிராங்குக்கும் வரும் இழுவை குறைகிறது. வெப்பத்தையும் விரைவாகக் கடத்துகிறது. அதாவது, வலுவைக் கூட்டிய அதே நேரத்தில் மற்றப் பாகங்களின் சுமையை அந்த மாற்றம் குறைத்தது.

முதலாம் உலகப்போர் வந்ததும் பென்ட்லி கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தார். தன் பிஸ்டன் இரகசியத்தைப் போட்டிக் கம்பனிகளுக்கே எடுத்துச் சென்று விளக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. றோல்ஸ்-றொய்ஸுக்கும் சன்பீமுக்கும் போய் விமான எஞ்சின்களுக்கு அலுமினியப் பிஸ்டனைப் பரிந்துரைத்தார். பிறகு, அதிகம் சூடேறிப் பழுதான கிளேர்ஜே எஞ்சினின் குறைகளை நீக்கி, அலுமினிய சிலிண்டர்கள் கொண்ட பி. ஆர். 1 என்ற சுழல் எஞ்சினை வடிவமைத்தார். சொப்வித் கெமல் போர் விமானங்களில் அது பறந்தது. போர் முடிந்ததும் அரசு அவருக்கு 8,000 பவுண் வெகுமதி வழங்கியது.

பெரிதாகச் செய்வது ஒரு வழி

1919இல் பென்ட்லி மோட்டர்ஸ் தொடங்கியது. முதல் கார் 1921 செப்டெம்பரில் வாடிக்கையாளரின் கைக்குப் போனது. 3 லீற்றர், நான்கு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வு. அக்காலத்தில் சாலையில் ஓடும் காருக்கு இது அதிசயம். செசிக்கு ஐந்து வருட உத்தரவாதமும் கொடுத்தார்கள். புகையிரதப் பட்டறையில் வளர்ந்த ஒருவர்தான் அப்படி உத்தரவாதம் கொடுக்கத் துணிவார்.

1924இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் பென்ட்லி வென்றது. 1927, 1928, 1929, 1930 என்று தொடர்ந்து நான்கு முறை மீண்டும் வென்றது. ஆனால், பந்தயத்தில் வென்ற கம்பனியின் பணப்பெட்டி எப்போதும் காலியாகவே இருந்தது. 1926இல் தென்னாபிரிக்க வைரச் சுரங்கச் செல்வந்தரின் மகனான வூல்ஃப் பார்னட்டோ பெரும் பணம் போட்டுக் கம்பனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். தான் தொடங்கிய கம்பனியில் பென்ட்லி அன்றிலிருந்து ஏறக்குறைய ஓர் ஊழியர்.

மற்றவர்கள் வேகமாக வரும்போது பென்ட்லி கண்ட வழி எளிமையானது: எஞ்சினைப் பெரிதாக்குவது. 3 லீற்றர் 6½ லீற்றர் ஆனது. அதன் ஆறு சிலிண்டர்களில் இரண்டைக் குறைத்தால் வரும் அளவுதான் 4½ லீற்றர். இரண்டுக்கும் சிலிண்டரின் குறுக்களவு 100 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் நீளம் 140 மில்லிமீற்றர். 6½ லீற்றரின் கேம் சாஃப்ட்டைச் சுழற்றுவதற்குச் சங்கிலி போடாமல், புகையிரத எஞ்சினின் சக்கரங்களை இணைப்பதைப் போன்ற தண்டுகளைப் போட்டார். டொன்காஸ்டர் அவரை விட்டுப் போகவில்லை.

பெரிய எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் போதிய வலு தரும். மெதுவாகச் சுழல்வது நீண்ட நாள் உழைக்கும். 24 மணிநேரப் பந்தயத்துக்கு இதைவிட நல்ல தத்துவம் இல்லை.

பேர்க்கின் கண்ட குறுக்குவழி

ஓட்டுநர்களில் ஒருவரான சேர் ஹென்றி ‘டிம்’ பேர்க்கின் வேறு விதமாக யோசித்தார். எஞ்சினைப் பெரிதாக்கினால் காரின் பாரமும் கூடும். அதற்குப் பதிலாக, இருக்கிற 4½ லீற்றர் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளினால் என்ன? பொறியியலாளர் அம்ஹேர்ஸ்ட் விலியர்ஸ் அதற்கான சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். பென்ட்லி மறுத்தார். ஆனால், பார்னட்டோ சம்மதித்தார். குதிரைப் பந்தயத்தில் புகழ்பெற்ற செல்வந்தப் பெண்மணி டொரதி பஜெட் பணம் கொடுத்தார். பேர்க்கின் வெல்வினில் தனிப் பட்டறை போட்டார்.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று தானாக உள்ளே வருகிறது. வெளியிலுள்ள வளிமண்டலத்தின் அமுக்கத்துக்கு மேல் அது நிரம்பாது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் வலுவாலேயே சுழலும் ஒரு பம்பி. அது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூட எரியும், வலுவும் கூடும். கூடவே வெப்பமும் அமுக்கமும் கூடும். அந்தச் சுமை பிஸ்டனின் தலையில் விழுந்து, கொன்ரொட் வழியாக இறங்கி, கிராங்கிலும் பெயரிங்கிலும் போய் நிற்கும்.

அளவு மீறிய அமுக்கமும் வெப்பமும் இன்னொரு கேட்டையும் கொண்டுவரும். தீப்பொறியால் எரிய வேண்டிய கலவை தன்பாட்டில் வெடிக்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நினைவிருப்பவர்களுக்கு இது எளிதாக விளங்கும். அந்தக் கார்களின் எஞ்சின்கள் கலவையைக் குறைவாக அமுக்குபவை. அதனால்தான் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. அதிகம் அமுக்கும் புதிய எஞ்சினில் அதே மண்ணெண்ணெயை ஊற்றினால் எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் போய்விடும்.

எனவே பேர்க்கினின் 4½ லீற்றரும் பழைய 4½ லீற்றரும் ஒரே எஞ்சின் என்று சொல்லிவிட முடியாது. கிராங், பிஸ்டன்கள், எண்ணெய் ஓடும் ஒழுங்கு எல்லாம் புளோவருக்கென்றே தனியாகச் செய்யப்பட்டன. எஞ்சினைச் சுற்றி மாற்றி அமைத்து சூப்பர்சார்ஜருக்கு இடம் கொடுக்க பென்ட்லி அனுமதிக்காததால், கிராங்கின் முன் முனையில், ரேடியேட்டருக்கும் முன்னால் அதைப் பூட்டினார்கள். இன்று எல்லோரும் இரசிக்கும் அந்தத் தோற்றம் உண்மையில் ஒரு சண்டையின் தழும்பு. முன்பக்கப் பாரம் கூடியதால் வளைவுகளில் கார் திரும்ப மறுத்தது. பெற்றோலையும் அள்ளிக் குடித்தது.

பலன் இல்லை என்று சொல்ல முடியாது. சாலைக் கார் 175 குதிரைவலு தந்தது, பந்தயக் கார் 240 தந்தது. 6½ லீற்றர் எஞ்சினையே அது மிஞ்சியது. லெ மான் விதிகளின்படி போட்டியிடுவதற்காக 50 கார்கள் விற்பனைக்குச் செய்யப்பட்டன. பந்தயத்துக்கென ஐந்து.

1930, லெ மான்

இரண்டு தத்துவங்களும் ஒரே பந்தயத்தில் சந்தித்தன. ஜேர்மனியிலிருந்து ருடோல்ஃப் கரச்சியோலா 7 லீற்றர் மேர்சிடிஸுடன் வந்தார். அதிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆனால், மிதியை முழுதாக அழுத்தும்போது மட்டுமே அது வேலை செய்யும். மற்ற நேரத்தில் அது சாதாரண எஞ்சின். எதிரே பேர்க்கினின் புளோவர்களும் பென்ட்லி கம்பனியின் ஸ்பீட் சிக்ஸ் கார்களும்.

பேர்க்கின் ஆரம்பத்திலேயே மேர்சிடிஸை விரட்டினார். டயரின் தோல் பிய்ந்து பறக்க, புல்லில் ஒரு பக்கச் சக்கரம் ஓட, அதை முந்திய காட்சி மோட்டார் பந்தய வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. இரவில் மேர்சிடிஸ் நின்றுபோனது. இரண்டு புளோவர்களும் எஞ்சின் பழுதாகி முடிவைக் காணவில்லை. அவசரமில்லாமல் ஓடிய இரண்டு ஸ்பீட் சிக்ஸ்களும் முதலாம், இரண்டாம் இடங்களைப் பிடித்தன. புளோவர் ஒருபோதும் லெ மானில் வெல்லவில்லை.

இதை வைத்து பேர்க்கினை முட்டாள் என்று சொல்ல நான் தயாரில்லை. அதே ஆண்டு போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரியில், இலேசான புகாட்டிகளுக்கு நடுவே அந்தப் பாரமான காரை ஓட்டி இரண்டாம் இடம் பெற்றார். 1932இல் தன் ஒற்றை இருக்கை புளோவரில் புரூக்லண்ட்ஸ் திடலை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றினார். அடுத்த ஆண்டு 36 வயதில் இறந்துவிட்டார். குறுகிய தூரத்துக்கு அவருடைய வழி சரி. நீண்ட தூரத்துக்கு பென்ட்லியின் வழி சரி. தகராறு எஞ்சினைப் பற்றியது மட்டுமல்ல, எது பந்தயம் என்பதைப் பற்றியதும்தான்.

பெயரை இழந்த மனிதர்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விலையுயர்ந்த கார்களை வாங்க ஆளில்லை. பென்ட்லி 8 லீற்றர் காரைக் கொண்டுவந்தார். 100 கார்களோடு அது நின்றது. 1931இல் கம்பனி கடனில் மூழ்கியது. நேப்பியர் கம்பனி வாங்கும் என்றே எல்லோரும் நம்பினார்கள், பென்ட்லியும் நம்பினார். கடைசி நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் மறைந்து நின்று கூடுதல் விலை கேட்டு வாங்கியது றோல்ஸ்-றொய்ஸ். போர்க்காலத்தில் பென்ட்லி தன் பிஸ்டனை எடுத்துச் சென்று கொடுத்த அதே றோல்ஸ்-றொய்ஸ். கம்பனியோடு அவருடைய பெயரும் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

அங்கே நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய உரிமையாளர்கள் முதலில் ஒரு சிறிய எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் பூட்டி அடுத்த பென்ட்லியைச் செய்ய முயன்றார்கள். அது நம்பிக்கை தரவில்லை. அதைக் கைவிட்டு, அதே செசியில் றோல்ஸ்-றொய்ஸின் பெரிய சாதாரண எஞ்சினைச் சற்று மெருகேற்றிப் பொருத்தினார்கள். 1933இல் வெளிவந்து நல்ல பெயர் பெற்ற 3½ லீற்றர் பென்ட்லி அதுதான். பென்ட்லி சொன்ன இடத்துக்கே, பென்ட்லியிடம் கேட்காமல் வந்து சேர்ந்தார்கள். அவருக்குக் கிடைத்தது புதிய கார்களை ஓட்டிப் பார்க்கும் வேலை.

இரண்டாம் உலகப்போரில் அதே கம்பனி இதன் மறுபக்கத்தையும் செய்து காட்டியது. 1,000 குதிரைவலுவுக்கும் மேல் தந்த 27 லீற்றர் மேர்லின் விமான எஞ்சினிலிருந்து சூப்பர்சார்ஜரைக் கழற்றி, தாங்கிகளுக்கான மீற்றியோர் எஞ்சினைச் செய்தார்கள். வலு சுமார் 600ஆகக் குறைந்தது. சுமை குறைந்ததால், விமானத்துக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிய மேர்லின் பாகங்கள்கூட தாங்கிக்குப் போதுமானவையாக இருந்தன.

இளைஞர்கள் கேட்கும் கேள்விக்கான பதில் இதற்குள்ளே இருக்கிறது. அதிகச் சுமைக்காகச் செய்த கிராங்கையும் கொன்ரொட்டையும், அளவு பொருந்தினால், சாதாரண எஞ்சினுக்குப் போடலாம். எஞ்சின் அதைத் தாங்கும். ஆனால் சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பிஸ்டன் பெரும்பாலும் கலவையைக் குறைவாக அமுக்கும்படி செய்யப்பட்டது. அதைச் சாதாரண எஞ்சினில் போட்டால் வலு குறையும். மறுபக்கமாக, சாதாரண எஞ்சினின் பிஸ்டனையும் கஸ்கட்டையும் வைத்துக்கொண்டு சூப்பர்சார்ஜரை மட்டும் பூட்டினால் எஞ்சின் வெகுகாலம் நிற்காது. இன்றைய கார்களில் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர், பம்பி, எஞ்சினை ஆளும் கணினி எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஒரு பாகத்தை மாற்றுகிறவர், அது கொண்டுவரும் சுமை கடைசியில் எந்தப் பாகத்தில் போய் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

பென்ட்லி 1935இல் றோல்ஸ்-றொய்ஸை விட்டு லகொண்டாவுக்குப் போய், அழகான 12 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார். போருக்குப் பின் லகொண்டா தன் புதிய காரோடு பென்ட்லி பெயரைச் சேர்க்க முனைந்தபோது, றோல்ஸ்-றொய்ஸ் நீதிமன்றம் போய்த் தடுத்தது. தான் வடிவமைத்த காருக்குத் தன் பெயரை வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்தக் காலத்தில் அவர் மேற்பார்வையில் உருவான 2.6 லீற்றர் எஞ்சின், லகொண்டாவை டேவிட் பிறவுண் வாங்கியபின், அஸ்டன் மார்டின் டி. பி. 2 காரில் புகழ்பெற்றது.

1971 ஓகஸ்ட் 13ஆம் திகதி, தன் 82ஆவது வயதில் அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. அவர் இறந்து 11 வருடங்களில், சரிந்துகிடந்த பென்ட்லி என்ற பெயரைத் தூக்கி நிறுத்தியது டேர்போ பூட்டிய ஒரு கார். அதுவும் காற்றை அமுக்கித் திணிக்கும் எஞ்சின்தான். இப்போது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கையில் இருக்கும் அந்தக் கம்பனி, 2019இல் தன் பழைய கார்களில் ஒன்றை அச்சுப் பிசகாமல் மீண்டும் செய்து, 12 பேருக்கு விற்க முடிவெடுத்தது. அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது லெ மானில் வென்ற ஸ்பீட் சிக்ஸை அல்ல. பேர்க்கினின் புளோவரைத்தான்.

இதில் பென்ட்லி தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. அன்றைய உலோகத்துக்கும் அன்றைய பெற்றோலுக்கும் அவர் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது. டேர்போ பூட்டிய இன்றைய எஞ்சின்கள் இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகின்றன என்றால், அவை தொடக்கத்திலிருந்தே அந்தச் சுமைக்கென வடிவமைக்கப்பட்டவை என்பதுதான் காரணம். புகையிரதப் பட்டறையில் நிலக்கரித் தூசியோடு அவர் படித்ததும் அதைத்தான்.